பதின்மூன்று நடக்கிறது

மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து ஒனிஹங்கா மைதானம் வரைக்கும் ஒன்பது சிக்னல் விளக்குகள். பயிற்சி முகாமின் முதல் நாள் காலை அவற்றில் ஆறு சிவப்பாக இருந்தன. மருமகன் ஒவ்வொரு சிவப்பிலும் போனில் நேரம் பார்த்தார். நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும். பதினாறு நிமிடம் பிந்திப் போய்க்கொண்டிருந்தோம்.

பின் இருக்கையில் பேத்தி. இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்து, அவற்றின் மேல் காலணிப் பையை வைத்து, அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். முப்பது தடவைக்கு மேல் சுற்றியிருப்பாள். நான் முன்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் எதையும் எண்ணுகிறவன். இது என் குணம் என்று மகள் சொல்வாள். நான் தொழில் என்பேன். கொழும்புத் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிப் பதிகிற வேலை. நாலு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்குக் கோடு. கப்பல்காரன் ஒரு எண்ணிக்கை சொல்வான், களஞ்சியக்காரன் இன்னொன்று சொல்வான். இரண்டுக்கும் நடுவே என் கோடுகள் இருக்கும். கடைசியில் அவர்கள் இருவரும் என் கோட்டுக்குத்தான் வர வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் என் எண்ணிக்கை பிழை என்று நிரூபித்தவர் ஒருவரும் இல்லை. இதை இந்த இடத்தில் பெருமைக்காக எழுதவில்லை.

முகாமை நடத்தியது ஸ்பெயினின் ஓர் உதைபந்தாட்டக் கழகம். முதற் பிரிவில் இருந்தாலும் பெரிய கழகம் அல்ல. மூன்று வருடமாக ஏப்ரல் விடுமுறையில் தங்கள் பயிற்றுநர்களை ஒக்லாந்துக்கு அனுப்புகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் ஒரு குழு. பதின்மூன்று, பதினான்கு வயதுக்காரர் இன்னொரு குழு. மூன்று நாள் பார்த்து, குழுவுக்கு எட்டுப் பேரைத் தெரிந்து, யூலை விடுமுறையில் இரண்டு கிழமை ஸ்பெயினுக்குக் கூட்டிப்போய்த் தங்கள் இளையோர் அணிகளோடு சேர்த்துப் பயிற்சி கொடுப்பார்கள். போன வருடம் இந்தச் செய்தி கிடைத்த நாளில் இருந்து பேத்தி வேறு எதையும் நினைக்கவில்லை. கட்டிலுக்கு மேலே கழகத்தின் படம். போனில் ஸ்பானிய மொழிப் பாடம். தமிழில் பத்து வரை எண்ணச் சொன்னால் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் தடக்குகிறவள், ஸ்பானியத்தில் நூறு வரை எண்ணுவாள்.

அவளுக்காக நானும் அந்தக் கழகத்தைப் பின்தொடரத் தொடங்கினேன். ஒரு அப்பியாசக் கொப்பி போட்டேன். அணியில் இருபத்தைந்து பேர். கோல் காப்பவர் மூவர். கழகத்தின் சொந்த இளையோர் பிரிவில் இருந்து வளர்ந்து வந்தவர் ஏழு பேர். காயத்தில் நாலு பேர். இடப்பக்கப் பின்வரிசைக்கு ஒழுங்கான ஆள் ஒரே ஒருவர். அவருக்கும் தொடை பிடித்திருந்தது. இருபது கழகங்களில் பதினேழாவது இடம். கடைசி மூன்றும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். அதாவது பள்ளத்துக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு படி. அந்தக் கொப்பியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்செரிவு வந்தது.

மைதானத்தில் எங்களை இறக்கிவிட்டு மருமகன் வேலைக்கு ஓடினார். மகள் ஆஸ்பத்திரியில் காலை முறை. மழை தூறிக்கொண்டிருந்தது. பேத்தி, "அம்மப்பா, நான் டொய்லெட் போயிட்டு வாறன், நீங்கள் லைனில நில்லுங்கோ" என்று ஓடினாள். எனக்கு முன்னால் பதினொரு பேர்.

பதிவு மேசையில் ஒரு இளம் பெண் தனியாக நின்று திண்டாடிக்கொண்டிருந்தாள். பெயர்ப் பட்டியல் நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவள் பட்டியலை விட்டுவிட்டு, வருகிறவர்களிடம் வயதை மட்டும் கேட்டுச் சட்டைக்கு மேல் போடும் நிற மேலாடையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டாள்.

பதின்மூன்று என்றேன்.

யோசிக்கவே இல்லை. யார் கேட்டாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மார்ச் மாதம் அவளுக்குப் பன்னிரண்டு முடிந்தது. அப்போது நடப்பது பதின்மூன்று. என் அம்மா அப்படித்தான் சொன்னா, நான் அப்படித்தான் சொல்கிறேன். முடிந்து போன வயதை யார் சொல்வார்கள்? கடந்துபோன மாதத்தைக் கேட்டால் சொல்லலாம், இன்று என்ன மாதம் என்று கேட்டால் நடக்கிற மாதத்தைத்தானே சொல்ல வேண்டும்?

மேசைப் பெண் ஒரு மஞ்சள் மேலாடையைத் தந்தாள். இலக்கம் பதினான்கு.

பேத்தி திரும்பி வந்து அதைப் பார்த்தாள். பார்த்தபடி நின்றாள். பிறகு சுற்றி நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தாள். அவளோடு படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் நீலத்தில் நின்றார்கள்.

"மஞ்சளா? எனக்கா?" ஆங்கிலத்தில் கேட்டாள். "அவர்களா தந்தார்கள்?"

"ஓம், அவைதான் தந்தவை" என்றேன். அதில் பொய் இல்லை. நிறங்களுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவள் அதைத் தலைக்கு மேலால் போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. காலடி புல்லில் பட்டதாகவே தெரியவில்லை.

மஞ்சள் குழுவில் இருபத்திரண்டு பேர். எல்லாரிலும் அவள்தான் சின்னது. அடுத்த சின்னப் பிள்ளையே அவளைவிட ஒரு தலை உயரம். முதல் ஒரு மணி நேரத்தில் நாலு தடவை விழுந்தாள். நான் மடக்குக் கதிரையில் இருந்து, குடையைத் தோளில் முட்டுக்கொடுத்து, கொப்பியில் கோடு போட்டேன். பந்து காலில் பட்டது நாற்பத்தொரு தடவை. சரியாகக் கொடுத்தது இருபத்தொன்பது. பிழைத்தது பன்னிரண்டு. விழ விழ எழும்பினாள். பெரிய பிள்ளைகள் மேலே வந்து விழுவதற்கு முன்னால் பந்தைத் தட்டிவிட வேண்டும் என்று ஒரு மணி நேரத்துக்குள் கற்றுக்கொண்டாள். மத்தியானம் ஆகும்போது யாராலும் அவளைத் தொட முடியவில்லை.

இடைவேளையில் ஒருவர் வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. அவருடைய மகளும் வந்திருந்தாள். டப்பாவைத் திறந்து முறுக்கை நீட்டினார்.

"எடுத்துக்கங்க சார். அந்த மஞ்சள் பதினாலு உங்க பேத்தியா?"

"ஓம்."

"என்ன அடி வாங்குறா, என்ன எழுந்திரிக்குறா! எந்த வகுப்பு?"

சொன்னேன்.

"அட, என் பொண்ணும் அதேதான். ஆனா அவ நீலம். நீலம்னா பதினொண்ணு, பன்னெண்டு. மஞ்சள் பதிமூணு, பதினாலு. அப்ப உங்க பேத்திய வந்த உடனே மேல தூக்கிப் போட்டுட்டாங்களா? பெரிய ஆளுதான் சார் நீங்க, வாயே திறக்காம உக்காந்திருக்கீங்க!"

முறுக்கு வாயில் அப்படியே நின்றது. நான் இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்க்க அரை நிமிடமும் எடுக்கவில்லை. அவளை யாரும் மேலே போடவில்லை. நான்தான் போட்டேன்.

அந்த நேரமே எழும்பி மேசைக்குப் போயிருக்க வேண்டும். நாற்பது அடி தூரம். துறைமுகத்தில் ஒரு மூட்டை பிழைத்தால் பாரந்தூக்கியை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறவன் நான். ஆனால் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் எழும்பவில்லை. இன்றைக்கு முடியட்டும் என்று நினைத்தேன்.

வீட்டில் அவள் முதலில் சொன்னது அதுதான். செருப்பைக் கழற்றவும் இல்லை. "அம்மா, என்னை மேல் குழுவில போட்டிருக்கினம்!" மகள் ஆஸ்பத்திரி உடுப்போடு அவளைத் தூக்கிச் சுற்றினாள். உடனே டொரொன்டோவில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்தாள். மருமகன் வேலையில் இருந்து வந்ததும் வராததுமாகக் கேக் வாங்கப் போனார். எனக்கு ஒரு பெரிய துண்டு வைத்தார்கள்.

"என்ன அப்பா, சாப்பிடேல்லை?" என்றாள் மகள்.

"நெஞ்செரிவு" என்றேன்.

"அந்தக் கழகத்தின்ர கணக்கைப் பாக்கிறதை விடுங்கோ. அவங்கள் தோத்தா உங்களுக்கென்ன?"

தோற்றார்கள். மறுநாள் காலை, முகாமின் இரண்டாம் நாள், மைதானத்துக்குப் போகும் வழியில் மருமகன் போனில் பார்த்துச் சொன்னார். சொந்த மைதானத்தில் மூன்றுக்குப் பூச்சியம். இன்னும் ஐந்து ஆட்டம் இருந்தது. நான் காருக்குள் வைத்தே கொப்பியில் பதிந்தேன். பேத்தி பின்னால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு காலணிப் பையின் வாரைச் சுற்றினாள்.

மத்தியானம் தலைமைப் பயிற்றுநர் பெற்றோரைக் கூப்பிட்டார். நரைத்த தலை, கட்டையான ஆள், எப்போதும் ஒரு தாள் அட்டையோடு நடப்பவர். ஆங்கிலம் மெதுவாகப் பேசினார்; அதனால் ஒரு சொல்லும் தவறவில்லை. கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கக்கூடும் என்று தலைமை அலுவலகம் பயப்படுகிறது. இறங்கினால் வெளிநாட்டு வேலைகளில் பலவற்றை நிறுத்த வேண்டிவரும். அதனால் இந்த வருடம் இரண்டு குழு இல்லை, ஒரு குழுதான் போகும். இளைய குழு, நீலம். அதில் எட்டுப் பேர். கழகம் முதற் பிரிவிலேயே தங்கினால் இன்னும் இரண்டு பேரை அதே குழுவில் இருந்து சேர்ப்பார்கள். மஞ்சள் குழுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடரும், சான்றிதழும் உண்டு. ஸ்பெயின் இல்லை.

மஞ்சள் குழுப் பெற்றோர் கத்தத் தொடங்கினார்கள். நான் கத்தவில்லை. கோயம்புத்தூர்க்காரர் என் தோளைத் தொட்டு, "ச்சே, உங்களுக்கு இப்படி ஆயிருச்சே சார். நல்லா ஆடுற பொண்ணு. மேல போட்டதே வினையாப் போச்சு" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

பேத்தி புல்லில் இருந்து காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கட்டியிருந்த நாடா. நான் கிட்டப் போனேன். அவள் நிமிராமலே ஆங்கிலத்தில் சொன்னாள்: "பரவாயில்லை அம்மப்பா. அவர்கள் எனக்கு மஞ்சள் தந்தார்கள். அது நிஜம்தானே."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

பின்னேரம் பிள்ளைகள் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது பயிற்றுநரிடம் போனேன். கையில் கொப்பி. நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன்: மேசை, கேள்வி, என் பதில், அவளுடைய பிறந்த தேதி. அவர் அட்டையில் இருந்த தாளைப் புரட்டினார். பட்டியலை நனைந்த பின் யாரும் சரிபார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஏன் பதின்மூன்று என்றீர்கள்?" என்று கேட்டார். குரலில் சந்தேகம் இருந்தது. வயதைக் குறைத்துச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்க்கிற பெற்றோரை அவர் நிறையக் கண்டிருப்பார். ஆனால் கூட்டிச் சொல்கிறவரைக் கண்டிருக்க மாட்டார்.

"எங்கள் ஆட்கள் முடிந்த வயதைச் சொல்வதில்லை. நடக்கிற வயதைச் சொல்வோம். பிறந்த பிள்ளைக்கு ஒன்று நடக்கிறது. எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது, எழுபத்தேழு என்பேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்படியென்றால் உங்கள் ஆட்கள் எல்லாரும் ஒரு வருடம் முன்னதாகவே செத்துப்போவீர்களா?"

பக்கத்தில் நின்ற உதவிப் பயிற்றுநர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொப்பியை நீட்டினேன். இரண்டு நாளில் அவள் தொட்டது, கொடுத்தது, பிழைத்தது, விழுந்தது எல்லாம் அதில் இருக்கிறது என்றேன். அவர் இரண்டு பக்கம் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார்.

"பந்து வருவதற்கு முன்னால் எத்தனை தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்?"

நான் அதை எண்ணவில்லை.

"நான் எண்ணுவது அதைத்தான்" என்று கொப்பியைத் திருப்பித் தந்தார். "நாளைக்கு நீலம். ஆனால் ஒன்று சொல்கிறேன். மற்றப் பிள்ளைகளை அவர்கள் வயதுப் பிள்ளைகளோடு மூன்று நாள் பார்க்கிறேன். இவளை ஒரு நாள்தான் பார்ப்பேன். அதற்கு நான் பொறுப்பில்லை."

"நான்தான் பொறுப்பு" என்றேன்.

திரும்பினேன். பேத்தி எட்டு அடி தூரத்தில், இரண்டு கையிலும் கூம்புகளை அடுக்கிப் பிடித்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. போதிய அளவு நின்றிருக்கிறாள்.

"அப்ப என்னை ஒருத்தரும் மேல போடேல்லை" என்றாள். தமிழில் சொன்னாள். கோபம் வந்தால் இங்கு பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போவார்கள். அவள் தமிழுக்கு வந்தாள். எனக்கு விளங்க வேண்டும் என்றுதான்.

"இல்லை" என்றேன். "நான் பிழையாச் சொன்னனான்."

"நேற்றே தெரியுமா?"

"ஓம்."

"கேக் சாப்பிடேக்கையும் தெரியுமா?"

நான் கொப்பியை மூடிக் கக்கத்தில் வைத்தேன். அவள் கூம்புகளைப் பெட்டியில் போடாமல் நிலத்தில் வைத்துவிட்டுக் காரை நோக்கிப் போனாள். பன்னிரண்டு கூம்பு. நான் குனிந்து பெட்டியில் போட்டேன்.

மூன்றாம் நாள் மழை இல்லை. காற்று இருந்தது. மனுக்காவ் நீர்ப்பரப்பில் இருந்து அடித்து, கோல் வலையைப் பின்பக்கமாக உப்பவைத்தது. நீலத்தில் அவளுக்கு இலக்கம் முப்பத்தேழு. பெரியவர்களோடு மல்லுக்கட்டிய இரண்டு நாளில் பழகிய பழக்கம் இப்போது அவளுக்கு எதிராக வேலை செய்தது. பந்து வந்த கணமே தட்டிவிட்டாள். அதை வாங்க வேண்டிய பிள்ளை இன்னும் திரும்பியே இருக்காது. பந்து வெறும் புல்லில் உருண்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. கோட்டுக்கு வெளியே நின்ற பெற்றோர் முகம் சுளித்தார்கள்.

"என்ன சார், நேத்து மேல, இன்னிக்குக் கீழ, லிஃப்ட் மாதிரி போயிட்டு வர்றீங்க?" என்றார் கோயம்புத்தூர்க்காரர். இன்று முறுக்கை நீட்டவில்லை. எட்டு இடத்துக்கு ஒரு பிள்ளை கூடிவிட்டது. அவருடைய மகளும் அதில் நிற்கிறாள்.

"வயசைப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"வேணும்னே பண்ணலையே?"

"வேணுமெண்டு செய்யிற ஆளா இருந்தா நேற்று அவரிட்டப் போயிருக்க மாட்டன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆமா, அதுவும் சரிதான்" என்று மைதானத்தைப் பார்த்தார். பிறகு அவரே, "சார், அவ பந்து குடுக்குற இடம் சரிதான். வாங்குறவதான் லேட்டு. என் பொண்ணையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார்.

நான் அன்று கொப்பியை எடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தால் இன்னும் கோபம் வரும். காற்சட்டைப் பைக்குள் விரல் மடித்து எண்ணினேன், அவள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதை. முதற் பாதியில் இருபத்தாறு. மற்றப் பிள்ளைகளில் மூன்று பேரை எண்ணிப் பார்த்தேன். ஒருத்தியும் பத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் பாதியில் மற்றவர்கள் அவளுடைய வேகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரரின் மகள் போட்ட கோல் அவள் கொடுத்த பந்து. ஆனால் நேரம் போதவில்லை. விசில் ஊதும்போதே எனக்குத் தெரியும், போதவில்லை என்று.

பயிற்றுநர் இலக்கங்களை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை எழும்பி முன்னால் வந்தது. நான் விரல் மடித்தேன். ஏழாவது விரலில் பேத்தி கண்ணை மூடினாள். எட்டாவது, இருபத்தைந்து: கோயம்புத்தூர்க்காரரின் மகள். அவர் கை தட்டத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்தி, பிறகு மெதுவாகத் தட்டினார்.

"கழகம் முதற் பிரிவில் தங்கினால் மட்டும்" என்று பயிற்றுநர் தாளைத் திருப்பினார். "ஒன்பதாவது, முப்பத்தேழு. பத்தாவது, நாற்பது."

நாங்கள் புறப்படும்போது பயிற்றுநர் என் பக்கத்தில் வந்து நின்றார். "மூன்று நாள் பார்த்திருந்தால் இவள் முதல் நாலுக்குள் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்லலாம்."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்துப் பிள்ளைகளும் பயிற்சிக்குப் போனார்கள். எட்டுப் பேருக்குக் கழகத்தின் சட்டை கொடுத்தார்கள். ஒன்பதும் பத்தும் பழைய நீல மேலாடையோடு ஓடினார்கள். பேத்தி எனக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னாள். ஓம். இல்லை. தெரியாது. மகள் இரண்டு தடவை அவளை ஏசினாள். நான் வேண்டாம் என்றேன். ஒரு சனிக்கிழமை எட்டுச் சட்டைக்கு ஏழுதான் வந்தன. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். எனக்குள் ஏதோ துள்ளியது. அந்தத் துள்ளலை நான் பார்த்துவிட்டேன். கோயம்புத்தூர்க்காரரிடம் அந்தப் பிள்ளையின் சுகத்தை மூன்று தடவை விசாரித்தேன். அவர் நான் நல்ல மனிதன் என்று நினைத்தார்.

கழகம் ஒரு ஆட்டம் தோற்றது. ஒன்றைச் சமப்படுத்தியது. இன்னொன்றும் தோல்வி. பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, ஒன்று வென்றது. கடைசி ஆட்டத்துக்கு வரும்போது பதினேழாவது இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தார்கள். சமப்படுத்தினால் போதும், தங்கிவிடலாம். தோற்றால் இறங்க வேண்டும். அங்கே ஞாயிறு இரவு ஆட்டம். எங்களுக்குத் திங்கட்கிழமை காலை ஏழு மணி.

மருமகன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மகள் வேலைக்குப் போக வேண்டியவள், உடுப்பு மாற்றி, கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பேத்தி பள்ளிச் சீருடையில் மேசையின் அந்தத் தலைப்பில். நான் இந்தத் தலைப்பில். தேத்தண்ணி நாலு கோப்பை, ஒருவரும் தொடவில்லை.

இடப்பக்கப் பின்வரிசையில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நின்றான். முதல் ஆட்டம். ஒழுங்கான ஆளுக்குத் தொடை இன்னும் சரிவரவில்லை. இவன் கழகத்தின் இளையோர் பிரிவில் ஒன்பது வயதில் சேர்ந்தவன் என்று வர்ணனையாளர் சொன்னார். பத்தொன்பது முடிந்ததா, நடக்கிறதா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. வாயைத் திறக்கவில்லை.

முப்பத்திரண்டாவது நிமிடம் மேசையின் அந்தத் தலைப்பில் இருந்து ஒரு குரல்: "அவன் பின்னால பாக்கிறானில்லை."

மகளும் மருமகனும் திரும்பினார்கள். அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எத்தனை தரம்?" என்றேன்.

"ஒரு தரமும் இல்லை. பாருங்கோ அம்மப்பா. ஒரு தரமும்..."

சொல்லி முடிக்கவில்லை. அந்தப் பையனுக்குப் பின்னால் ஒருவன் ஓடி வந்தான். பந்து தலைக்கு மேலால் போனது. கோல். ஒன்றுக்குப் பூச்சியம், மற்றவர்களுக்கு.

மருமகன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். மகள் வேலைக்குப் போன் எடுத்து, கார் கிளம்பவில்லை என்று பொய் சொன்னாள். இடைவேளையில் பேத்தி கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டாள். காரணம் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் திரை நன்றாகத் தெரியும் என்பதாகவும் இருக்கலாம்.

இரண்டாம் பாதியில் அந்தப் பையன் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். யாரோ உள்ளே வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் கோடு போட்டேன், அவள் எண்ணினாள், ஆங்கிலத்தில், மூச்சுக்குள். எழுபத்தொன்பதாவது நிமிடம் பதினேழாவது தடவை திரும்பிப் பார்த்தவன், வெறும் இடத்தைக் கண்டு, பந்தை வாங்கிய கணமே குறுக்கே நீளமாக அனுப்பினான். நடுவில் ஒரு தலை எழும்பியது. வலை உப்பியது.

மேசையில் இரண்டு கோப்பை கவிழ்ந்தது. மகள் திறப்பை எங்கேயோ எறிந்துவிட்டுப் பிறகு பத்து நிமிடம் தேடினாள். மிச்சம் பதினொரு நிமிடமும் மேலதிகமாகக் கொடுத்த ஆறு நிமிடமும் நான் எண்ணவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பேத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பென்சில் அசைய முடியாதபடி.

ஒன்றுக்கு ஒன்று. தங்கிவிட்டார்கள்.

அன்று அவள் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போனாள். வியாழக்கிழமை ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கான படிவம் மின்னஞ்சலில் வந்தது. மகள் அச்செடுத்து மேசையில் வைத்தாள். பெயர், பிறந்த தேதி, வயது, கடவுச்சீட்டு இலக்கம், ஒவ்வாமை, சாப்பாடு. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தேன். பேத்தி சமையலறையில் இருந்து ஓடி வந்து அதை என் கையில் இருந்து பறித்தாள்.

"நீங்கள் தொடாதேங்கோ."

நின்றபடியே, மேசையில் குனிந்து, வயதுக் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். எழுதியதன் கீழே இரண்டு தடவை கோடு இழுத்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, "சரியா எண்டு பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். சரியாக இருந்தது.